கப்பல் புகையில் வறுபட்ட செத்தல்

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு எது வீணாகப் போனாலும் வயிறு எரியும். அந்த எரிச்சலையே தொழிலாக்கிக்கொண்டவள் நான். கப்பல் எஞ்சினின் சூடு புகையோடு புகையாக ஆகாயத்துக்குப் போய்விடும். அதைப் பிடித்துக் கப்பலுக்குள்ளேயே திருப்பிவிடும் இயந்திரங்களை வடிவமைப்பதுதான் என் வேலை. (கல்யாண வீடுகளில் இதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஐஸ்கிரீம் தீர்ந்துவிடும்.)

என் முதல் இயந்திரத்தை, குளிர்காலத்துக்காக ரொறொன்ரோ துறைமுகத்தில் கட்டி நிறுத்தியிருந்த ஒரு சரக்குக் கப்பலில் பொருத்தினோம். புகைக்குழாயின் சூட்டை ஒரு பெட்டிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மாலுமிகளின் அறைகளுக்குச் சூடான காற்றை விசிறியால் அனுப்ப வேண்டும். கப்பல் முதலாளிக்கு நம்பிக்கையே இல்லை. "காலுறை காயப்போடலாம், அவ்வளவுதான்" என்றார். சோதனை பிழைத்தால் இயந்திரமும் போச்சு, என் வேலையும் போச்சு.

இதை வீட்டில் சொல்லிக் கலங்கியதுதான் வினை. என் மாமியாருக்கு (டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் மிளகாய் வறுத்து, நெருப்பு மணி அடிக்க வைத்து, முழுக் கட்டடத்தையும் பனிக்குள் இறக்கியவர்) கண்கள் மின்னின.

"பிள்ளை, சும்மா போற சூடுதானே? தூள் இடிக்க வைச்சிருக்கிற என்ரை செத்தல் மிளகாயை உதுக்குள்ளை ஒருக்காக் காயவைச்சுத் தாவன். இஞ்சை வெயிலுக்கு எங்கை போறது?"

"மாமி, அது கப்பல்!"

"கப்பலெண்டால் மிளகாய் காயாதோ?"

கணக்குப் போட்டேன். பெட்டிக்குள் யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் சூடு வரும். சோதனை முடியச் செத்தல் மொறுமொறு என்று காய்ந்திருக்கும். (படித்த மூளை!) சோதனை நாளன்று மிளகாய்த் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

எஞ்சின் ஓடியது. கணக்குப் பிழைத்தது. நல்ல பக்கமாகத்தான் பிழைத்தது: வந்தது எக்கச்சக்கமான சூடு. செத்தல் முதலில் வறுபட்டது, பிறகு கருகியது. விசிறி அந்த நெடியை, நான் வடிவமைத்தபடியே, ஒரு அறையையும் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதலாளியும் மாலுமிகளும் இருமிக்கொண்டு வெளியே பனிக்குள் ஓடினார்கள். யாரோ நச்சுவாயு என்று கத்தினார்கள். கப்பலின் தலைமை எஞ்சினியர் அன்ரன் அண்ணை, மன்னார்க்காரர், கண்ணைத் துடைத்தபடி என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உது மிளகாயெல்லே?"

"ஓம் அண்ணை."

"ஆற்றை மிளகாய்?"

"மாமியின்ரை."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். அவர் தட்டைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு மிளகாயை விரலால் நொறுக்கிப் பார்த்தார்.

"வேறு அடுப்பு ஏதும் மூட்டினீர்களா?"

"இல்லை. புகைச் சூடு மட்டும்தான்."

"கடைசி அறைவரை போனதா?"

"கடைசி அறையில் நீங்கள்தானே இருந்தீர்கள்."

தும்மிக்கொண்டே சிரித்தார். தன் கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இந்த இயந்திரம் வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பனியிலேயே துள்ளினேன், வழுக்கி விழுந்தேன், விழுந்தபடியே சிரித்தேன்.

இன்று அவருடைய கப்பல்கள் எல்லாவற்றிலும் என் இயந்திரம் ஓடுகிறது. போன மாதம் அலுவலகத்தில் எனக்கு ஒரு விருதும் தந்தார்கள். மாமி முன்வரிசையில் இருந்து, பக்கத்தில் இருந்தவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உவள் பெட்டி செய்தவள்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் சோதினையிலை பாஸ் பண்ணினது என்ரை செத்தல்."