மோட்டர் அண்ணையின் வேட்டைநாயும் ஒரு குடையும்

கோப்பாயில் மோட்டர் அண்ணையைப் போல ஓர் அநியாயக்காரர் இதுவரை பிறந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. இதை நான் ஆத்திரத்தில் எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

கிணற்று மோட்டர் திருத்துவது அவருடைய தொழில். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு மோட்டர் நின்றாலும் அவர்தான் வர வேண்டும். வந்தால் மோட்டரைப் பார்க்கமாட்டார், எங்களைத்தான் பார்ப்பார். "தண்ணியில்லாமல் ஓட விட்டனீரோ, இல்லையோ?" என்று விசாரணை நடக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் ஸ்பானரைக் கையில் எடுப்பார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாயும் வாய்த்தது. இனி ஊரோடுதான் இருக்கப்போகிறோம் என்று நோர்வேயிலிருந்து வந்த ஒரு குடும்பம், ஆறு மாதத்தில் மனம் மாறித் திரும்பிப் போனது. போகும்போது மோட்டர் பார்க்க வந்தவரிடம் நாயை ஒப்படைத்துவிட்டார்கள். பெயர் பாம்சே. சாம்பல் நிறத்தில் அடர்ந்த உரோமம், நிமிர்ந்த கூர்க்காது, முதுகின்மேல் இறுக்கிச் சுருட்டிய வால். பார்த்தவுடனே, "பொமேரியன் நல்ல வடிவா இருக்கு அண்ணை" என்று சொல்லிவிட்டேன்.

"பொமேரியனோ? என்ன காணும் கதைக்கிறீர்! உது வேட்டைநாய். அங்கை மாட்டை விடப் பெரிய மான் இருக்காம். உவன் அதைக் கடிக்கமாட்டான். முன்னுக்கு நிண்டு மறிச்சுக் குரைப்பான். வேட்டைக்காரன் வந்து சேருமட்டும் அசைய விடமாட்டான்."

கோப்பாயில் மானுக்கு எங்கே போவது? கிடைத்ததை மறித்தது. தோட்டத்துக்குள் புகுந்த நாம்பன் மாட்டை மறித்தது. பாண் விற்க வருபவரின் ஓட்டோவை மறித்தது. ஒருநாள் நடு மத்தியானம் அவர் வீட்டு முருங்கை மரத்தோடு என்னை மறித்து முக்கால் மணி நேரம் குரைத்தது. மோட்டர் அண்ணை அவசரமேயில்லாமல் ஆறுதலாக வந்தார். நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாத்தீரே, ஒரு பல்லுப் படேல்லை!" என்று நாயின் தலையைத் தடவினார். எனக்கு வந்த கோபத்தை அந்த முருங்கை மரத்திடம்தான் காட்ட முடிந்தது.

அந்த நாய்க்குச் செய்த ஊழியத்தில் காற்பங்கு மனைவிக்குச் செய்திருந்தால் அந்த அக்கா அவரைக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பார். விடிந்ததும் சீப்போடு உட்காருவார். மேலே முரட்டு உரோமம், அடியில் பஞ்சு போல இன்னொரு உரோமம், இரண்டையும் வகிர்ந்து வகிர்ந்து சீவுவார். கழிந்த உரோமம் உரப்பையில் நிரம்பும். இந்த இனம் சுலபமாகக் கொழுத்துவிடும் என்று சாப்பாட்டை அளந்துதான் வைப்பார். எங்கள் ஒழுங்கைச் சனமோ மிஞ்சின புட்டையும் மீன் தலையையும் வேலிக்கு மேலால் எறிகிற சனம். உடனே வாசல் படலையில் ஒரு பலகை தொங்கியது: "இந்த நாய்க்குச் சாப்பாடு போடுபவர்களின் மோட்டர் திருத்தப்படமாட்டாது." என் மனைவி பாவம் பார்த்து ஒரு பிடி புட்டுப் போட்டாள். அடுத்த நாளே எங்கள் மோட்டர் நின்றது. நாங்கள் மூன்று நாள் வாளியால் தண்ணீர் அள்ளினோம்.

போன சித்திரையில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் ஒப்பிரேசன். மூன்று நாளைக்கு நாயை என்னிடம் விட்டார். "நிழலிலை வையும். நனைச்ச சாக்கைக் கீழை போடும். பத்து மணிக்குப் பிறகு வெளியிலை விடாதையும்."

எல்லாம் சொன்னபடியே செய்தேன். ஆனால் அந்த வெக்கையில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்த இளைப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குளிர்நாட்டுக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு சித்திரை வெயிலில் கிடக்கிறதே என்று சலூன்காரரைக் கூப்பிட்டு உரோமத்தை ஒட்ட வழிக்கச் செய்தேன். ஒழுங்கையே என்னைப் புண்ணியவான் என்றது.

மோட்டர் அண்ணை கறுப்புக் கண்ணாடியோடு ஓட்டோவில் வந்து இறங்கினார். "ஆரின்ரை நாய் உது?" என்றார். நாய் வழித்த வாலை ஆட்டியது. அவருடைய முகம் போன போக்கை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"கம்பளியெண்டோ நினைச்சீர்? அது அவன்ரை கூரையெல்லோ காணும்! குளிரையும் மறிக்கும், வெயிலையும் மறிக்கும். வெக்கையெண்டு உம்மடை வீட்டுக் கூரையைப் பிடுங்குவீரோ?"

குனிந்து பார்த்தேன். நாயின் முதுகுத் தோல் வெந்து சிவந்திருந்தது. "இனி உம்மோடை எனக்குக் கதையில்லை" என்று நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏசியிருக்கலாம், அடித்திருக்கலாம். அவரோ ஒரு குடையை விரித்தார். மோட்டர் திருத்தப் போகும் வீடெல்லாம், தான் வெயிலில் நடந்து, நாய்க்குக் குடை பிடித்தார். வேண்டுமென்றே என் படலையைச் சுற்றித்தான் போனார். நல்லது நினைத்துச் செய்தவனை இப்படித் தினமும் ஊர்வலம் காட்டி வதைப்பது நியாயமா?

ஒரு வாரம் தாங்கினேன். பிறகு எழுந்து போய் அவர் கையிலிருந்த குடையை வாங்கினேன். அவர் தடுக்கவில்லை. கிணற்றடியில் அவர் மோட்டரைக் கழற்ற, நான் நாய்க்குக் குடை பிடித்தேன். என்னோடு பேசுவதில்லை என்ற விரதத்தை மட்டும் அவர் விடவில்லை. "பாம்சே, குடை சரியுதெண்டு உவருக்குச் சொல்லு" என்பார். "பாம்சே, கை நோகுதெண்டு அண்ணைக்குச் சொல்லு" என்பேன். அடியுரோமம் முளைத்து, மேலுரோமம் திட்டுத் திட்டாக வந்து, வால் பழையபடி பொசுபொசுக்கும் வரை மாதக்கணக்காக இதுதான் எங்கள் சம்பாஷணை.

இந்தக் கிழமை மற்றக் கண்ணுக்கு ஒப்பிரேசன். நாயை இனி என் நிழலிலும் விடமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். பக்கத்து வீடுகள் மூன்றையும் தாண்டி வந்து, நாயின் சங்கிலியை என் கையில் தந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"சலூன் பக்கம் போனால் உம்மை மறிச்சு வைக்க உவனுக்குச் சொல்லியிருக்கிறன், தம்பி."

ஓட்டோ புறப்பட்டுவிட்டது. பதில் சொல்லக்கூட நேரம் தராத அநியாயக்காரர்.

மூன்று நாளாகப் பாம்சே என்னைக் கதிரையை விட்டு எழும்ப விடவில்லை. எழுந்தால் முன்னால் வந்து நின்று குரைக்கிறான். வேட்டைக்காரன் வந்து சேர வேண்டுமாம். அந்த மனிதர் கெதியாக வந்து தொலைந்தால் என்ன? படலையைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கண் பூத்துப்போய்விட்டது.