மாவுச்சத்துக்கு மாலை கட்டுபவர்

நம் ஊரில் ஓர் இனம் பெருகிவிட்டது: சத்துப் பிரசங்கி. கொசுவைப் போல இவருக்கும் தேங்கிய இடம்தான் வேண்டும். டீக்கடை, பந்தி, நோயாளியின் கட்டில், யாராவது எழுந்து ஓட முடியாமல் இருந்தால் போதும்.

பந்தியில் சீரகச் சம்பா பிரியாணி வந்து விழும். நீங்கள் கை வைப்பதற்குள், சோறு என்பது குளுக்கோஸ், கறி என்பது அமினோ அமிலம், நெய் என்பது கொழுப்பு அமிலம், உங்கள் தொப்பை என்பது டிஎன்ஏ என்று இலையையும் உங்களையும் பிரித்துப் போட்டுவிட்டு, தனக்கு மட்டும் இரண்டாம் முறை கறி வாங்கிக்கொள்வார். கேட்டால், அது புரதம்.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். இவர்களை வீட்டுக்கு ஒருவராகப் பார்க்கிறேன். மாதிரிக்குக் கமலக்கண்ணன், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. சர்க்கரை நோயாளியான தாயார் ராக்கம்மாளுக்கு முதல் வேலையாகச் சோற்றை நிறுத்தினார். இன்சுலினை நிறுத்தவில்லை. அது விஞ்ஞானமாம்.

ஒரு காலையில் நான் போனபோது ராக்கம்மாளுக்குக் கை நடுங்கியது, ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

“ஊசி போட்டாச்சா?” என்று மகனிடம் கேட்டேன்.

“போட்டாச்சுக்கா.”

“சாப்பாடு?”

“ரெண்டு முட்டை, வெள்ளைக்கரு மட்டும். சுத்தப் புரதம்!”

“சர்க்கரை எறங்குதுய்யா. சீனியக் கொண்டா!”

நகர்ந்தாரா? “செத்த நேரம் பொறுங்கக்கா. அதத்தான் அம்மாவுக்கு வெளக்கிக்கிட்டு இருக்கேன்” என்று கட்டிலருகே ஸ்டூலைக் காட்டினார். பூசை அலமாரிக் கற்கண்டை அதில் வரிசையாக அடுக்கியிருந்தார். “ஒவ்வொண்ணும் ஒரு குளுக்கோஸ்னு வச்சுக்கங்க. மல்லியத் தொடுக்கிற மாதிரித் தொடுத்தா மாவுச்சத்து. புரதம் அப்பிடியில்ல, கதம்ப மாலை. இருபது அமினோ அமிலம், இருபது வகைப் பூ...”

நான் எடுத்துக் கொடுப்பதற்குள் ராக்கம்மாளின் கை நீண்டுவிட்டது. மாவுச்சத்து முழுவதும் ஒரே அள்ளில் வாய்க்குள் போனது.

“ஏலே,” என்றார், நொறுக்கியபடி. “அந்தக் கதம்பத்த நாஞ் செத்தாப் போடு. இப்பச் சோத்தப் போடு.”

சோறு வந்தது. நடுக்கம் அடங்கியது. மகன் அடங்கினாரா? மறுநாள் மார்க்கெட்டில், “மூளைக்குக் குளுக்கோஸ் எம்புட்டு முக்கியம் தெரியுமா? எங்கம்மாவ அதவச்சுத்தான் காப்பாத்துனேன்” என்று பூக்கட்டுபவர்களைப் பிடித்து வைத்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் இதைப் படித்த கையோடு, “அவர் பண்ணினது தப்பு, ஆனா இந்த எண்ணெய் விஷயம் இருக்கே...” என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாயைத் திறக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். அவரிடம், சாப்பிட்டீர்களா என்று முதலில் கேளுங்கள்.