சாம்பிராணி நின்றது நின்றதுதான்

தி. நகர்,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் வெள்ளைத்துரை அவர்களுக்குத் தம்பி தனபாலன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நல்ல சுகத்தோடு இருப்பதை நேற்று போனில் கத்திய கத்தலிலேயே தெரிந்துகொண்டேன். நாங்களும் சுகம். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் பத்து வார்த்தை குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது, அதனால் எழுதுகிறேன்.

நம் ஜவுளிக்கடையில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தியது நான்தான். நீங்கள் ஆரம்பித்த கடை, முப்பது வருஷ வழக்கம், எல்லாம் வாஸ்தவம். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து பில் போடுகிற மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவது என் மகள் தாரணி. போன மாதம் ஆசிஃப் பாய் சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே வந்த பத்தாவது நிமிஷம் பிள்ளைக்கு இழுப்பு வந்து உதடெல்லாம் நீலமாயிட்டு. ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மூச்சு சீராகிற வரைக்கும் நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

மறுவாரமே அவள் டீச்சர் எஸ்தர் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி டாக்டர், தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஆஸ்துமா பிள்ளைகளுக்காக ஒரு குழு வைக்கிறார்களாம். கூட்டத்துக்குப் போனேன், ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கையைத் தூக்கினேன், தலைவராக்கிட்டாங்க. இன்ஹேலர் குழாயை எப்படிப் பிடிப்பது என்கிற பயிற்சியும் நம் கடையில்தான். பட்டுச்சேலை கட்டின ஷோகேஸ் பொம்மை வாயில் டாக்டர் குழாயை வைத்துக் காட்ட, முகூர்த்தச் சேலை எடுக்க வந்த ஒரு கூட்டம் வாசலோடு திரும்பிட்டு. போகட்டும்னு விட்டேன்.

நம் கடையில் நிறுத்தினால் பக்கத்துப் பாத்திரக்கடைப் புகை உள்ளே வருது. தலைவர் என்கிற முறையில் சண்டை போட்டு, அந்த வரிசையில் பதினோரு கடையிலும் நிறுத்த வைத்தேன். உடனே ஆசிஃப் பாய் நேரே என்னிடம் வந்துட்டார். "இன்னா அண்ணாச்சி, தெரு பூரா நிறுத்திட்ட. என் பொயப்பு இன்னாவறது?" என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்கார்ந்ததும் அவரே, "எம் பொண்ணுக்கும் இழுப்பு கீது. சட்டிய வாசல்ல வச்சிட்டுத்தான் வூட்டுக்குள்ள போறேன்" என்றார். இப்போ வெள்ளிக்கிழமையானா மயிலிறகோடு மட்டும் வந்து எல்லார் தலையிலும் தடவி ஓதிவிட்டு, வழக்கமான காசை வாங்கிக்கொண்டு போகிறார். எந்தக் கடையில் கொசுவர்த்தி எரிந்தாலும் முதலில் வந்து குழுவிடம் கோள் சொல்வதும் அவர்தான்.

லட்சுமி போயிடுவாள்னு சொல்றீங்க. என் பிள்ளை மூச்சை வாங்கிக்கிட்டு வர்ற லட்சுமி எனக்கு வேண்டாம். நீங்களே நேரில் வந்து சட்டியைத் தூக்கினாலும் தண்ணியை ஊத்துவேன். கடையை விட்டுப் போடான்னா பாண்டி பஜார் பிளாட்பாரத்துல நைட்டி விப்பேன். பயந்துட்டேன்னு மட்டும் நினைச்சிராதீங்க.

மதினிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும்.

இந்த ஒரு விஷயத்தில் அடங்கவே அடங்காத தம்பி,
தனபாலன்

பி.கு.: கவரை ஒட்டும்போது எஸ்தர் டீச்சர் வந்தார். பெருமையாக வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். "சொல்லக் கூடாதுன்னாரு சார். ஸ்கூலுக்குப் போன் பண்ணி எங்களை உங்க கடைக்கு அனுப்பினதே உங்க அண்ணன்தான். 'நான் நிறுத்துடான்னா நிறுத்த மாட்டான் டீச்சர். நீங்க நிறுத்தச் சொல்லுங்க, நான் நிறுத்தக் கூடாதுன்னு திட்டுறேன். அப்புறம் யார் வந்தாலும் விட மாட்டான்'னு சொன்னாரு" என்றார். மேலே எழுதினது அத்தனையும் வாபஸ். ஆனா அண்ணே, மழைக்காலம் வருது, பிள்ளைக்குக் கஷ்டமான மாசம். கடைக்காரங்க இப்பவே 'பண்டிகைக்கு ஒரு நாள் மட்டும்'னு கெஞ்சுறாங்க, எனக்கும் மனசு இளகுது. வெள்ளிக்கிழமை தவறாம போன் பண்ணித் திட்டிருங்க.