கரடி ஏறிய வண்டியில் சம்பந்தியம்மாள்

டாசன் நகரம்,
ஜூலை, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் நீல்ஸுக்கு, உன் அப்பா ஆல்வின் டோர்கர்சன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. நீயும் உன்னோடு சாலை போடுகிற ஆட்களும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவும், அந்தப் பக்கத்துக் கொசுக்கள் உங்களில் கொஞ்சத்தையாவது மிச்சம் வைத்திருக்கவும் வேண்டுகிறேன். இங்கே நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா அந்த வார்த்தைக்கு வர மறுக்கிறது. முகாமுக்கு போன் போட்டிருக்கலாம். ஆனால் அந்த போன் சமையல் கூடாரத்தில் இருக்கிறது. நீ பேசுவதை மொத்த முகாமும் சூப் குடித்துக்கொண்டே கேட்கும். இது அப்படிக் கேட்கிற சமாசாரம் இல்லை. அதனால் உங்களுக்குச் சாமான் கொண்டுவருகிற வண்டிக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

மாயெலின் அம்மா, ஓடில் அம்மாள், ஓட்டவாவிலிருந்து வந்து இறங்கியது உனக்குத் தெரியும். மகளை உனக்கு இந்த வடகோடியில் கட்டிக்கொடுக்கலாமா என்று நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறார், அவர் ஓய்வுபெற்ற நீதிபதி வேறு. மாயெலுக்கு ஆஸ்பத்திரியில் விடுப்பு கிடைக்கவில்லை, நீயோ முகாமில் மாட்டிக்கொண்டாய். ஆகவே வொயிட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை அவரை ஓட்டிக்கொண்டு போகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. "பழைய தங்க வேட்டைக் கதையெல்லாம் சொல்லுங்கப்பா, ஆத்தைக் காட்டுங்க, குளிரைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று நீ சொன்னதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். முப்பது வருஷம் இதே சாலையில் பனி தள்ளினவன் நான், ஒவ்வொரு வளைவும் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி. என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

ஊரைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே எதிரே வந்த ஜல்லி லாரி ஒரு கல்லை எடுத்து ஓடில் அம்மாளின் முகத்துக்கு நேராக எறிந்தது. முன்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி விரிசல். அவர் கத்தவில்லை, கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டு, "இது வழக்கமா நடக்கிறதா, மிஸ்டர் டோர்கர்சன்?" என்று கேட்டார். "விரிசல் இல்லாத கண்ணாடியோட போனா வெளியூர்க்காரன்னு நினைச்சுக்குவாங்கம்மா, இப்பதான் நம்ம வண்டி பார்க்க லட்சணமா இருக்கு" என்றேன். சிரிக்கவே இல்லை. வழியில் சாப்பாட்டு விடுதியில் தலையணை அளவுக்கு ஒரு இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கி, அதைப் பின்சீட்டில் வைத்தேன். அவருடைய பெட்டிக்குப் பக்கத்தில். இந்த இடத்தை நன்றாகக் கவனி.

கார்மாக்ஸ் ஊரைத் தாண்டி, ஆறு ஐந்து விரலாகப் பிரிந்து பாயுமே, அந்த இடத்தில் நிறுத்தினேன். மரப்படிக்கட்டில் இறங்கிப் போய், ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டில் தங்கத்துக்காகப் படகு கட்டிக்கொண்டு வந்தவர்கள் இந்தச் சுழலில் எப்படித் தத்தளித்தார்கள் என்று கை காலெல்லாம் ஆட்டி நடித்துக் காட்டினேன். ஓடில் அம்மாள் முகத்தில் முதல்முறையாக ஒரு மலர்ச்சி. அந்த நேரம் மேலேயிருந்து ஹாரன் சத்தம். விடாமல் அடிக்கிறது. யாரோ பொறுமை கெட்டவன் என்று திட்டிக்கொண்டே படியேறி வந்தால், நம் வண்டி. ஓட்டுநர் சீட்டில் கரடி.

நீல்ஸ், நான் கரடி பார்க்காதவன் இல்லை. ஆனால் என் சீட்டில் உட்கார்ந்து என் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விரிசல் விட்ட கண்ணாடி வழியாக என்னையே முறைக்கிற கரடியை நான் பார்த்ததில்லை. கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து ஏறியிருக்கிறது, சரிவில் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே வரத் தெரிந்ததற்கு வெளியே போகத் தெரியவில்லை. சீட்டுப் பஞ்செல்லாம் வண்டிக்குள் பனி மாதிரி பறக்கிறது. நான் எப்போது குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போனேன் என்று எனக்கே தெரியாது.

நல்லவேளையாகக் கார்மாக்ஸ்காரர் எர்வின் பில்லி மீன் பிடித்துவிட்டு அந்த வழியாக வந்தார். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ஆல்வின், புது டிரைவர் வச்சிருக்கியா? உன்னைவிட நிதானமாத்தான் தெரியறாரு" என்றார்.

"எர்வின், விளையாடாதே. என்ன பண்றது?"

"கைப்பிடியில கயிறைக் கட்டணும். தூரமா நின்னு இழுக்கணும். அவ்வளவுதான்."

"யார் கட்டறது?"

"வண்டி யாருதுப்பா?"

எர்வின் தன் வண்டியிலிருந்து கயிற்றை எடுத்ததும் ஓடில் அம்மாள் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நேராக நடந்துபோய் முடிச்சுப் போட்டார். கரடி கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தியது, இவர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, "இழுங்க" என்றார். எர்வின் தன் வண்டியில் கயிற்றைக் கட்டி இழுத்தார். கதவு திறந்தது, கரடி இறங்கியது, காட்டுக்குள் போனது. போகும்போது அதன் கழுத்திலும் பின்காலிலும் வெள்ளையாக ஏதோ சுற்றிக்கொண்டு தரையில் இழுபட்டது.

"அது என்ன துணி?" என்றேன்.

"என் கல்யாண உடை. எங்க அம்மா உடுத்தினது, அப்புறம் நான் உடுத்தினேன். இந்தப் பயணம் திருப்தியா இருந்தா மாயெல் கையில கொடுக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றார்.

எர்வின் தொப்பியைக் கழற்றிவிட்டார். பெட்டி பிளந்து கிடந்தது. ரொட்டி வாசனை பட்டிருக்கும்போல, மிச்சமிருந்த துணியில் கைக்குட்டை தைக்கக்கூடத் தேறாது.

அங்கிருந்து டாசன் வரை பஞ்சில்லாத சீட்டில், கரடி நாற்றத்தில், ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டுக்கொண்டு, புழுதியை முழுங்கிக்கொண்டு போனோம். பெல்லி ஊரைத் தாண்டியதும் கேள்வி ஆரம்பித்தது. நீதிபதி கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா, குரலே உயராது, ஆனால் நாக்கு தானாகப் பேசும். "குளிர்காலத்துல என் பொண்ணு எங்க இருப்பா?" என்றார், உன் மரவீட்டைச் சொன்னேன். "கழிப்பறை?" என்றார், வெளியே இருக்கிறது என்றேன். "எவ்வளவு குளிர்?" என்றார், "பூஜ்யத்துக்குக் கீழ நாப்பத்தஞ்சு, ஆனா அது ஈரமில்லாத குளிரும்மா" என்றேன். ஏன் இதோடு நிறுத்தவில்லை என்று நீ கேட்பாய். நானும் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து நீ பனிவண்டியோடு ஏரிக்குள் முங்கி, உறைந்த கால்சட்டையோடு கட்டைமாதிரி நடந்து வீடு வந்ததை, கேட்காமலேயே சொன்னேன். சிரிக்க வைக்கலாம் என்று.

மறுநாள் காலையில், தங்கம் முதலில் கிடைத்த ஓடைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நல்ல செருப்போடு அந்தப் பனித்தண்ணீரில் இறங்கி, தகரத்தட்டில் மண்ணை அள்ளி ரொம்ப நேரம் அலசினார். ஒரு பொட்டுகூட மின்னவில்லை.

"இவ்வளவு தூரம் வந்தவங்களுக்குக் கிடைச்சுதா?" என்றார்.

"பெரும்பாலும் இல்லம்மா. அவங்க வந்து சேர்றதுக்குள்ள நல்ல இடத்தையெல்லாம் வேற ஆளுங்க பிடிச்சுட்டாங்க."

"அப்புறம் ஏன் திரும்பிப் போகல?"

"நிறைய பேர் போயிட்டாங்க. சில பேருக்கு இங்கயே பிடிச்சுப்போச்சு. ஏன்னு அவங்களுக்கே தெரியாது. எங்க தாத்தாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

தட்டைக் கவிழ்த்துக் கொட்டினார். "போதும், விடுதிக்குப் போகலாம், மாயெல்கிட்ட பேசணும்" என்றார். அந்த "போதும்" எப்படி விழுந்தது என்று நான் எழுதிக் காட்ட முடியாது. இப்போது பக்கத்து அறையில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். சுவர் மெல்லியது, மாயெல் அழுகிற சத்தம் எனக்கே கேட்கிறது.

ஆகவே மகனே, கல்யாணம் இல்லை. மனதைத் திடப்படுத்திக்கொள். தப்பு உன்னுடையதில்லை, கரடியுடையதும் இல்லை, இந்த வாயுடையது. மாயெல் நல்ல பெண், அவள் நன்றாக இருக்கட்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, வேலையில் கவனமாயிரு, ஏரிப் பக்கம் போகாதே. முகாமில் எல்லாருக்கும் என் வணக்கத்தைச் சொல். கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், என்னால் முடியவில்லை.

உன் அப்பா,
ஆல்வின்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சற்று முன் ஓடில் அம்மாள் வந்து, கையில் இரண்டு கோப்பை விஸ்கியோடு என் எதிரே உட்கார்ந்தார். உடை போன செய்தியைச் சொன்னதும் மாயெல் அழுதிருக்கிறாள்; துக்கத்தில் இல்லை, நிம்மதியில். அவளுக்கு அந்த உடையைப் போட்டுக்கொள்ள மனமில்லாமல், அதைச் சொல்லவும் தைரியமில்லாமல், நீயும் அவளும் போன மார்ச் மாதமே வொயிட்ஹார்ஸில் சத்தமில்லாமல் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டீர்களாமே. சாட்சிக் கையெழுத்து யார் என்று கேட்டேன். என்னோடு வாரம் தவறாமல் சீட்டாடுகிற ஹார்வியாம். அவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் யாருக்காகக் கரடியிடம் வண்டியைக் கொடுத்தேன்? ஓடில் அம்மாள் மட்டும் நிதானமாகக் கோப்பையைக் காலி செய்துவிட்டு, "சம்பந்தி, உங்க பையன் இருக்கிற முகாமுக்குச் சாலை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற வண்டிக்குப் பின்னாலேயே வருகிறோம். சம்பந்திதான் ஓட்டுகிறார்.