சர்வருக்குக் கைராசி

பயணச்சீட்டு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. சீட்டு வாங்க வந்த கூட்டமன்று. கைராசிக்காரரைக் காண வந்த கூட்டம். அடுத்த மாடிக் கணக்கர் தம் பிரின்டரைப் பிள்ளைபோல் இடுப்பில் தூக்கி வந்திருந்தார்.

சீட்டு விற்கும் இணையதளம் படுத்துவிட்டால் கைராசிக்காரர் சர்வர் அலமாரிமேல் உள்ளங்கையை வைப்பார். “யாரும் கீபோர்டத் தொடாதீங்க!” என்பார். சற்று நேரத்தில் தளம் எழுந்துவிடும். பொறியியல் படித்தவர்களும் கைகட்டி நிற்பார்கள். பட்டங்கள் சுவரில் தொங்கின. மூளைகள் எங்கே தொங்கினவோ!

அன்றும் தளம் படுத்தது.

“புரோகிராம் எழுதின கை சரியில்ல. அனுப்பிடுங்க” என்றார் அவர்.

அந்தக் கைக்கு உரியவள் முதலாளியின் அக்காள் மகள். ஈராண்டு உழைப்பு ஒரு வாக்கில் போவதா என்று அவள் முன்னால் வந்தாள்.

“என்னம்மா பண்றது, ஐயாவே சொல்லிட்டாரு. நாளைலேர்ந்து வராத” என்றார் முதலாளி.

“முன்னால நிக்கிற வெப் சர்வர்ல ஒரு வரிய மாத்த விடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன் மாமா?”

“தொட்டா தோஷமாமே!”

“சரி, ஐயா கைய வைக்கட்டும். பாத்துட்டே போறேன்.”

வைத்தார். யாரும் கீபோர்டைத் தொடவில்லை. தளம் எழுந்தது. கைதட்டல்.

“உள்ள சூடு இறங்குது, கையில தெரியுது” என்றார் கைராசிக்காரர்.

அவள் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு துடைப்பமும் வாளியும் குளிர்ச்சியாக இருந்தன.

“ஏசி ரிப்பேர்னு நேத்தே எல்லா சர்வரையும் பக்கத்து ரூமுக்கு மாத்தியாச்சு. சொன்னேனே மாமா, ஐயாகிட்டப் பேசிட்டிருக்கேன்னு விரட்டினீங்க.”

“அப்ப தளம் எப்படி எழுந்துச்சு?”

“வெப் சர்வர் வாசல் காவலாளி மாதிரி. வர்றவங்கள உள்ள என் புரோகிராம் ஓடுற சர்வருக்கு அனுப்பும். பதில் கொஞ்சம் தாமதமானா, உள்ள ஆளே இல்லன்னு கதவச் சாத்திடும். நீங்க கீபோர்டத் தட்டத் தட்ட உள்ள இருக்கிறது இன்னும் திணறும். சும்மா விட்டா மூச்சு வாங்கிக்கும், கதவும் தானாத் திறக்கும். அவரு கை எதுக்கு? உங்க கை அடங்கினாப் போதும்.”

“என் அலைகள் சுவரையும் தாண்டும்!” என்றார் கைராசிக்காரர்.

“தாண்டட்டும் ஐயா. வாளிக்கு எப்பக் காய்ச்சல் வந்துச்சு?”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவள் அந்த ஒரு வரியைத் திருத்தினாள். காவலாளி இனிச் சற்றுப் பொறுப்பான். “இப்ப எல்லாரும் தட்டுங்க!” தட்டினார்கள். தளம் முனகியது, விழவில்லை. திரும்பிப் பார்த்தால் கைராசிக்காரரைக் காணோம்.

“நாளைக்குச் சீக்கிரமா வந்துடும்மா” என்றார் மாமா, வாளியைப் பார்த்தபடி.

“என் பிரின்டருக்கு யாரு கை வைப்பாங்க?” என்று தவித்தார் கணக்கர்.

“கரண்டு பிளக்க மாட்டினீங்களா சார்?”

மாட்டவில்லை.

அந்த அலமாரிக்கு என்றுமே பூட்டு இருந்ததில்லை. அதன்முன் குனிந்த தலைகளுக்கும் பூட்டில்லை. திறந்து பார்க்கத்தான் குனிந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.