நம்ம பையன்தானுங்க

சாட்சிக்காரர் என்றொரு இனம் உண்டு. கோர்ட்டுப் பக்கம் போக மாட்டார். இருந்த இடத்திலிருந்தே, முன்பின் பார்த்திராத ஆளுக்கும், "நம்ம பையன்தானுங்க, தங்கமான பையன்" என்று நற்சான்று கொடுத்துவிடுவார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் நல்லூரில் வெள்ளையண்ணன்.

அண்ணனுக்கு நாலு தையல் மிஷின், ஒரு கம்ப்யூட்டர். அவருடையதைப் போலப் பத்தொன்பது சின்னத் தையல் யூனிட்டுகள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலைமை என்று ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. துணி வெட்டுவதற்கு ஒருவர் வரைந்து ஏற்றிய பேட்டர்ன் எல்லோரிடமும் இருக்கும், ஒன்று படுத்துக்கொண்டாலும் வேலை நிற்காது. அப்படியானால் வாசலை யார் காப்பது? எல்லோரும்தான். புதிதாக ஒருவர் சேர, உள்ளே இருப்பவர்களில் மூன்று பேர் 'இவரைத் தெரியும்' என்ற பட்டனை அழுத்த வேண்டும். அருமையான ஏற்பாடு. ஒரே ஓட்டை, அண்ணனின் விரல்.

டீ குடித்துக்கொண்டே அழுத்துவார், போனில் பேசிக்கொண்டே அழுத்துவார், பெயரை முழுசாகப் படிப்பதற்குள் அழுத்தியிருப்பார். "அண்ணனே போட்டுட்டாரு, நமக்கென்ன?" என்று பக்கத்து யூனிட் ஆரோக்கியராஜ் அழுத்துவார். "ரெண்டு பேரு போட்டாச்சுல்லா" என்று எதிர் யூனிட் ராக்கையா அழுத்துவார். சாட்சி மூன்று. பார்த்த கண் ஒன்றுகூட இல்லை.

பேட்டர்ன் போடும் ஜோதிகா, புதிதாகச் சேர்ந்தவர்களின் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் சொந்த ஆர்டர், ஒரு குழந்தைக் கவுன். வெள்ளிக்கிழமை பையர் பார்ப்பதற்குள் டிசைன் வெளியே போனால் ஆர்டரும் போய்விடும். ஏற்றாமலும் இருக்க முடியாது. வெட்டுவது ஒரு யூனிட், தைப்பது இன்னொன்று. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அவளிடம் சொல்லிவிட்டு, வாசலைச் சோதித்துப் பார்க்க நான் ஒரு ஆளைப் பிறப்பித்தேன். பெயர் அப்புசாமி, ஊர் சோமனூர். விண்ணப்பம் போட்ட நாலாவது நிமிடம் அப்புசாமி உள்ளே!

ஜோதிகா நேரே அண்ணனிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணே, அப்புசாமின்னு ஒருத்தர் சேந்திருக்காரே, யாரு?"

"நம்ம பையன் கண்ணு! சோமனூர்ல தறி ஓட்டறானல்ல."

"நேர்ல பாத்திருக்கீங்களா?"

"அவிநாசித் தேர்ல பாத்தனே. பாவம், எளச்சுப் போயிட்டான்."

நான் பெற்ற பிள்ளை இளைத்துப்போனதைக் கேட்டு எனக்கே துக்கமாகிவிட்டது.

"அண்ணே, அப்படி ஒரு ஆளே கெடையாது. நாங்க சும்மா உண்டாக்குனது."

அண்ணன் முகம் சுண்டிப்போனது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மூணு வருசத்துக்கு முன்னால தென்காசியிலிருந்து ஒரு பையத் தூக்கிட்டு வந்து நின்னியே, அன்னைக்கு உன்ற பேருகூட எனக்குத் தெரியாது. உனக்கும் நாந்தான் கண்ணு மொதல்ல அமுத்துனேன்."

ஜோதிகா மேஜைமேல் கிடந்த அண்ணனின் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சரிண்ணே, அமுத்துங்க," என்றாள். "அதுக்கு முன்னால ஒரு போன் மட்டும் போட்டுருங்க."

அப்போதே, தான் சேர்த்துவிட்ட மற்ற பதினோரு பேருக்கும் அண்ணன் போன் போட்டார். ஒன்பது பேர் குசலம் விசாரித்தார்கள். இரண்டு நம்பர் உபயோகத்திலேயே இல்லை. அந்த இரண்டு சாட்சியையும் திரும்ப எடுத்துக்கொண்டார்; மூன்று சாட்சி இல்லாததால் இரண்டு பேரும் வெளியே. அப்புசாமியை நானே அடக்கம் செய்தேன். பிறகுதான் ஜோதிகா கவுனை ஏற்றினாள். வெள்ளிக்கிழமை பையர் அதைப் பார்த்தார், ஆர்டர் அவளுக்கே.

அண்ணனை நினைத்துச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். இவ்வளவு நேரம் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினீர்களே, என் பெயரென்ன என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?