மணி அடிக்காமல் விரல் ஓடாது

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்க வயல்.
ஆகஸ்ட், 2001

மரியாதைக்குரிய சம்பந்தி முனியப்பன் அவர்களுக்கு, ராஜப்பா வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். என் வீட்டுக்காரி தங்கம்மாவின் முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. அது எப்போதுமே எங்களோடு சேராமல் தனியாக இருப்பது. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் லுங்கிக் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன். இதற்கு முன் என் பெயரில் உங்களுக்கு வந்தவை எல்லாம் உங்கள் மகள் மமதா எழுதியவை. அவற்றில் என் அபிப்பிராயம் என்று இருந்தவையும் அவளுடையவைதான். போன வருடம் முதியோர் வகுப்பில் எழுத்தைப் பிடித்தேன். இன்னும் மெதுவாகத்தான் வருகிறது. கடினமான எழுத்து வருகிற சொல் என்றால் சற்று உட்கார்ந்து யோசிப்பேன், அப்படியும் வராவிட்டால் வேறு சொல் போட்டுக்கொள்வேன். அதனால் இது பல காலைகளில் எழுதிய கடிதம். நடுவில் மையின் நிறம் மாறினால் பேனா மாறியது என்று நினைத்துக்கொள்ளவும். மனம் மாறியது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் விஷயம். சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து ராஜேந்திரனைக் குடியாத்தத்துக்கு வரச் சொல்லி, உங்கள் கடைக் கல்லாவில் உட்காரச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து மின்விசிறி மாட்டிவிட்டதாகவும் சொல்லி அனுப்பினீர்கள். நல்ல மனம். ஆனால் மாமனார் மாடியில் குடியிருந்து மாமனார் கல்லாவில் உட்காருகிற மாப்பிள்ளையைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரர் மாப்பிள்ளையைப் பற்றி நீங்களே என்னிடம் பேசியிருக்கிறீர்கள். நீங்கள் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள், நான் மகனை. இதில் இருவருக்கும் வெட்கம் ஒன்றுமில்லை. ஆகவே அந்த அறையை வேறு யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். ராஜேந்திரன் வரமாட்டான். அவன் கம்ப்யூட்டரில் கையைப் பார்க்காமல் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். அது எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பெங்களூரில் ஒரு பார்சல் கம்பெனி, வருகிற போகிற சாமான்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு ஆள் எடுப்பதாக மமதாதான் விசாரித்து வந்தாள். காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பலாம். வீடு இங்கேயே இருக்கும். ஆனால் ஒரு சோதனை வைப்பார்களாம். தாளைப் பார்த்துக்கொண்டே விரல்கள் தாமாக ஓடவேண்டுமாம். ராபர்ட்சன்பேட்டையில் விநாயக் என்பவர் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். நல்ல பையன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். அங்கே ராஜேந்திரன் சேர்ந்தான். துணைக்கு நானும் போனேன். வீட்டில் எனக்கு வேலை இல்லை என்பதைத் தங்கம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். அங்கே போய்ப் பார்த்தால் விநாயக் கற்றுக்கொடுப்பதில்லை, சுவிட்ச் மட்டும் போடுகிறார். கற்றுக்கொடுப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பாடம். திரையில் உடம்பு இல்லாத இரண்டு கைகள் வருகின்றன. எந்த விரலை அசைக்க வேண்டுமோ அந்த விரல் சிவக்கிறது. நாம் சரியாக அடித்தால் அடுத்த எழுத்து, தவறாக அடித்தால் 'பீப்' என்று ஒரு சத்தம். வையாமல், பிரம்பு எடுக்காமல், காப்பி குடிக்க வெளியே போகாமல் ஒரு வாத்தியாரை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

ஆனால் அந்தப் பலகையில் எழுத்துகளை வைத்திருக்கிற முறை சரியில்லை. நான் அ, ஆ என்று வரிசையாகக் கற்றவன். அங்கே இங்கிலீஷ் எழுத்துகளைச் சந்தையில் கூடை கவிழ்ந்த மாதிரி போட்டிருக்கிறார்கள். கேட்டால் உலகம் முழுவதும் அப்படித்தானாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதால் இது என்னை உறுத்தவில்லை, தெரிந்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள். காலியாக இருந்த ஒரு கம்ப்யூட்டரில் விநாயக் என்னையும் உட்காரவைத்தார். எப்போதும் ஆள்காட்டி விரல்கள் தங்குகிற இரண்டு எழுத்துகளில் சிறிய மேடு இருக்கிறது, தடவினால் தெரியும். அந்த இரண்டையும் மாற்றி மாற்றி அடித்தேன். திரையில் ஏதோ வந்தது. கூட வந்திருந்த மமதாவிடம் படிக்கச் சொன்னேன். "பிரமாதம், தொடருங்கள்னு போட்டிருக்கு மாமா" என்றாள். நான் சுரங்கத்தில் இருந்த காலம் முழுவதும் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் பிடிக்கத் தோன்றவில்லை.

கஷ்டம் ராஜேந்திரனுக்குத்தான் வந்தது. அவனோடு படித்த மாணிக்கராஜுக்கு வந்த கஷ்டம் வேறு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாடத்துக்கு நடுவில் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறார்கள். திரையின் மேலிருந்து எழுத்துகள் விழும். அவை தரையைத் தொடுவதற்குள் அதே எழுத்தை அடித்து உடைக்க வேண்டும். மாணிக்கராஜ் சுரங்கத்துக்குள் கூரைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவன். மேலிருந்து ஒன்று விழுவதைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போய்விடுவான். விநாயக், "அண்ணா, அது லெட்டர் அண்ணா, ஒண்ணும் ஆகாது" என்றார். "உனுக்கு இன்னா தெரியும்? மொதல்ல சின்னதாத்தான் வுழும்" என்றான் மாணிக்கராஜ். அவன் இப்போது பேத்தமங்களாவில் தக்காளி போடுகிறான். திறந்த வெளி, மேலே ஒன்றும் இல்லை.

ராஜேந்திரனின் கஷ்டம் உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவன் பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். அவன் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றிய கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஷாஃப்ட் என்கிற ஆழக் குழிக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் அவன் இன்ஜின். அவன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து கேஜ் தெரியாது. கீழேயிருந்து வருகிற மணிதான் அவனுக்குக் கண். ஓடுகிற கேஜுக்கு ஒரு மணி வந்தால் நிறுத்து. இரண்டு மணி வந்தால் இறக்கு. மூன்று மணி வந்தால் ஆள் ஏறியிருக்கிறது, பார்த்து ஓட்டு. ஒரு மணிக்கு நிற்காத டிரைவர் இல்லை, நின்ற பிறகு அடுத்த மணி வராமல் பிரேக்கிலிருந்து கையை எடுக்கிற டிரைவரும் இல்லை. கீழே நின்று அந்த மணியை அடித்தவன் நான். ஓய்வு பெறுவதற்கு முன் சில காலம் என் மணிக்கே என் மகன் ஓட்டினான். வீட்டில் நான் சொன்ன எதையும் அவன் கேட்டதில்லை, அங்கே கேட்டான்.

இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். ராஜேந்திரன் நன்றாக அடித்துக்கொண்டு போவான், ஒரு எழுத்து தவறும், கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒருமுறை சொல்லும், உடனே அவன் பத்து விரலும் அப்படியே நின்றுவிடும். அவனே நினைத்தாலும் நகராது. பக்கத்திலிருப்பவர்கள் பக்கத்தையே முடித்திருப்பார்கள், இவன் அடுத்த மணிக்குக் காத்திருப்பான். பாடம் முடிந்தால் கம்ப்யூட்டர் சந்தோஷத்தில் மூன்று முறை 'பீப்' அடிக்கும். அதைக் கேட்டதும் அடுத்த பாடத்தை ஆள் ஏற்றிய கேஜ் மாதிரி ஆடாமல் அசங்காமல் ஓட்டுவான். இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று திரையில் எழுதிக்கொண்டே இருந்ததாக மமதா சொன்னாள்.

"சார், அது பெல் இல்ல சார். எர்ரர் சவுண்டு சார்" என்றார் விநாயக்.

"எனுக்குத் தெரியுது. கைக்குத் தெரியலியே" என்றான் ராஜேந்திரன்.

சத்தத்தை அணைக்கச் சொன்னோம். அது பெட்டிக்குள்ளேயே இருந்து வருகிறதாம், பெட்டியைத் திறந்தால் கேரண்டி போய்விடுமாம். காதில் பஞ்சு வைத்தோம். 'பீப்' கேட்டது, விநாயக் சொல்வதுதான் கேட்கவில்லை. தங்கம்மா கொடுத்தனுப்பிய மஃப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டியதில் அவனுக்கு வியர்த்து, வியர்வை பலகையில் சொட்டி, விநாயக் முகம் வாடியது. மமதா வீட்டுக்கு வந்து துணிகளை மடித்து ஒரு பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். "இன்னாத்துக்கு இப்பவே?" என்று கேட்டாள் தங்கம்மா. "சோதனை திங்கட்கிழமை அத்தை. அது தவறிட்டா மாசக் கடைசியில எங்கப்பா வேன் அனுப்புறேன்னு சொல்லியிருக்கார்" என்றாள். நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. இதை ஒரு குறையாக எழுதவில்லை. தெரியாது என்று மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் நான் ராஜேந்திரன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் 'பீப்' என்று ஒன்று அடித்தது. அவன் நின்றான். நான் சாவிக்கொத்தால் மேசையில் இரண்டு தட்டினேன். விரல்கள் கிளம்பிவிட்டன. அடுத்த 'பீப்', அடுத்த இரண்டு தட்டு. எனக்கும் கை நன்றாக ஓடியது. அந்த வாரம் முழுவதும் அது நிறுத்த நான் கிளப்ப, மூவரும் சேர்ந்து எல்லாப் பாடங்களையும் முடித்தோம். தவறினால் நின்றுவிட வேண்டியிருந்ததால் தவறுவதையே அவன் விட்டுவிட்டான். மற்ற மாணவர்கள் சத்தம் தாங்காமல் மாலை வகுப்புக்கு மாறிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை நானும் ரயிலேறினேன். கம்பெனி மாடியில் கண்ணாடிக் கதவுக்குள் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர்கள் தவறு செய்தாலும் வாயைத் திறக்காதவை என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தேன். உள்ளே இருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, "ஸ்டார்ட் மாடி" என்று கன்னடத்தில் தொடங்கச் சொன்னார். எல்லோரும் தொடங்கினார்கள். ராஜேந்திரன் விரல்களை மேட்டெழுத்துகளில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். எங்கள் வேலையில் வாயால் சொல்வது சொல்லே அல்ல. யார் கத்தினாலும், மேனேஜரே வந்து சொன்னாலும், மணி வராமல் இன்ஜினில் கை வைக்கக் கூடாது.

பக்கத்தில் ஓர் இரும்பு பீரோ இருந்தது. அதில் இரண்டு தட்டினேன். ராஜேந்திரன் கிளம்பிவிட்டான். வாட்ச்மேன் ஓடிவந்தான்.

"யோவ் பெர்சு, பீரோவ இன்னாத்துக்குத் தட்ற?"

"ஒண்ணும் இல்லபா. ஆச்சு, போயிட்டான்."

"யார் போயிட்டான்?"

அவனுக்கு விளக்குவதற்குள் டீக்காரர் ஒருவர் படியேறி வந்து, பித்தளைக் கெட்டிலை 'ணங்' என்று தரையில் வைத்தார். ஒரே ஒரு 'ணங்'. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ராஜேந்திரன் நின்றுவிட்டான். நான் கையை ஓங்குவதற்குள் வாட்ச்மேன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். டீக்காரரிடம், "அண்ணே, இன்னும் ரெண்டு வாட்டி வைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றேன். அவர் நல்லவர்தான், ஆனால் பயந்து கெட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் செருப்புக் காலால் பீரோவின் அடியில் இரண்டு உதைத்தேன். உள்ளே விரல்கள் ஓடின. வாட்ச்மேன் என்னைத் தெருவில் கொண்டுபோய் விட்டான். கையைப் பிடித்து, பார்த்து இறங்கச் சொல்லி, மரியாதையாகத்தான் விட்டான்.

மதியம் ராஜேந்திரன் இறங்கி வந்தான். வேகம் போதும், தவறு ஒன்றுகூட இல்லை என்று அந்த அம்மாள் சொன்னாராம். "நடுவுல ஏன் நின்னீங்க?" என்று கேட்டாராம். "பெல் அடிச்சிது மேடம்" என்றானாம். அவர் அடுத்த வாரம் புதன்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். இன்று புதன்கிழமை. அவன் காலை ரயிலில் போயிருக்கிறான். மமதா பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

ஆகவே சம்பந்தி அவர்கள் வேன் அனுப்ப வேண்டாம். அறையை நல்ல குடித்தனக்காரராகப் பார்த்து விட்டுவிடுங்கள். ராஜேந்திரன் இந்த ஊரிலேயே, இந்த வீட்டிலேயே இருப்பான் என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் கடையில் சாயம் போகாத லுங்கியும் பேரம் பேசாத கூட்டமும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தன் கையால் எழுதும்
ராஜப்பா

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ராஜேந்திரன் ரயில் இறங்கி வந்துவிட்டான். "சேத்துக்கினாங்க நைனா" என்றான். "அப்புறம் ஏன் மொகம் இப்டி கீது?" என்று கேட்டேன். "பெங்களூர்ல சீட்டு ரொம்பிடுச்சாம். பிராஞ்சுக்குப் போட்டுட்டாங்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து அங்க போவணும்" என்றான். எந்த பிராஞ்சு என்று கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் மமதாவைப் பார்த்தான். குடியாத்தமாம். ஆகவே மேலே எழுதியதில் அறையைப் பற்றிய பகுதியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். மெதுவாக எழுதுகிறவன் என்பதால் முழுவதையும் திரும்ப எழுத முடியவில்லை. அறையை யாருக்கும் விட வேண்டாம். வேன் வரட்டும். அவன் உங்கள் கல்லாவில் உட்காரப் போவதில்லை, கம்பெனி நாற்காலியில் உட்காரப் போகிறான்; ஊர் பேச ஒன்றுமில்லை. மாடியில் ஓர் அறை என்று சொல்லியிருந்தீர்கள். கீழே இன்னொன்று இருக்குமா என்று தங்கம்மா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.